மாதோட்டக் கரையை வகுப்பவர் யார்?

மதவாச்சியிலிருந்து மன்னார் நோக்கி வரும் பெருந்தெருவில், பாலத்தை அடையச் சில கட்டை தூரம் இருக்கையிலே வலப்புறமாக ஒரு தெரு பிரிந்து திருக்கேதீஸ்வரத்துக்குச் செல்கிறது. ஒருபுறம் கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயல்வெளி; மறுபுறம் உப்புப் பூத்த தரவை; இடையே பாலாவித் தீர்த்தம்; அப்பால் ஆழமற்ற கடல். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது என்பதைச் சைவ மக்கள் அறிவர். மாந்தைத் துறை பண்டைக் காலத்தில் கீழ்த்திசைக் கப்பல்களும் மேற்றிசைக் கப்பல்களும் சரக்கு மாற்றிய பெருந்துறை என்பதை ஆராய்ச்சியாளர் அறிவர். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் இங்கே நடத்திய அகழ்வும், அதன் பின் நடந்த அகழ்வும் அத்துறையின் செல்வத்தை வெளிக்கொணர்ந்தன. இம்மண்ணுள்ளிருந்து மிளகும் கராம்பும்கூடக் கண்டெடுக்கப்பட்டன. நேற்று இந்நிலம் எதற்கு உதவிற்று என்பதைப் பலரும் எழுதி வைத்திருக்கின்றனர். நாளை இது எதற்கு என்னும் வினாவுக்கு விடை தரக்கூடிய, சட்டத்தால் கட்டுப்படுத்தும் வலுவுடைய ஓர் ஏட்டை எமக்குக் காட்டுவார் எவருமில்லை.

இது சிறிய குறையன்று. கடந்த சில ஆண்டுகளாக மன்னார்த் தீவிலும் அதற்கெதிரேயுள்ள மாதோட்டக் கரையிலும் எழுந்த அத்தனை பூசலுக்கும் இதுவே அடிவேர் என்பது எமது கருத்து. காற்றாலை வேண்டுமா வேண்டாமா, மணலை அகழலாமா கூடாதா, இறால் பண்ணை நன்மையா தீமையா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துத் தெருவில் நின்று வாதாடுகிறோம். ஒரு வழக்கில் வென்றால் இன்னொரு கம்பனி இன்னொரு விண்ணப்பத்துடன் வந்து நிற்கிறது. நிலத்தைப் பற்றிய திட்டம் இல்லாத இடத்தில் விண்ணப்பமே திட்டமாகி விடுகிறது.

முதலில் இந்நிலத்தின் இயல்பைச் சொல்லவேண்டும். ஏனெனில் கொழும்பிலிருந்து வரும் வரைபடங்களில் அது தெரிவதில்லை. மன்னார்த் தீவு மணலாலாகிய தாழ்ந்த நிலம். ஆறு இல்லை, பெருங்குளம் இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கின்ற மாரிமழை மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. அதற்குக் கீழேயும் சுற்றிலும் கடலின் உப்புநீர். உப்புநீரிலும் நன்னீர் பாரம் குறைந்ததாதலால், அது உப்பின்மேல் ஒரு குவிந்த தட்டுப்போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கத்தைக் கமக்காரர்கள் தாமே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்: மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் உள்ள மக்கள் குடிக்கும் கிணற்றுநீரும், பனையும் தென்னையும் உறிஞ்சும் நீரும் இந்த மிதக்கும் தட்டிலிருந்தே வருகின்றன. மணலே அத்தீவின் குளம். மணலை அள்ளுவது குளக்கட்டை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

கரைக்கு இப்பால் மாதோட்டத்திலோ நிலைமை வேறு, ஆயினும் உறவுடையது. அருவியாற்று நீர் தேக்கம் அணையிலே திருப்பப்பட்டுக் கட்டுக்கரைக்குளத்தை நிரப்புகிறது. அங்கிருந்து வாய்க்கால் வழியாகவும் சிறு குளங்கள் வழியாகவும் முருங்கன், உயிலங்குளம், மாந்தைப் பகுதிகளின் வயல்களுக்குப் பாய்ந்து, கழிவுநீர் தரவைகளூடாகக் கடலேரிக்குப் போய்ச் சேருகிறது. இக்கழிவு வழியில் ஒரு தெருவை உயர்த்திக் கட்டினால் மேலேயுள்ள வயல் மூழ்கும். உப்புநீரைத் தடுக்கும் அணையை ஒருவர் வெட்டினால் கீழேயுள்ள வயல் கருகும். ஒருவர் தம் காணியில் செய்வது அடுத்தவரின் காணியில் விளைவைத் தருமிடத்தில், "என் காணி, என் இஷ்டம்" என்னும் பேச்சுக்கு இடமேது? தீவின் தென்கரையில் காற்றாலைகளுக்காக அமைத்த தெருக்களும் மேடைகளும் மழைநீர் வழிந்தோடும் பாதையை மறித்துவிட்டன என்பதே அங்குள்ள மக்களின் முதல் முறைப்பாடு. பறவையைப் பற்றியும் ஒலியைப் பற்றியும் வெளியூரார் நிரம்ப எழுதினர். தீவின் மக்கள் வெள்ளத்தைப் பற்றிப் பேசினர். அதை எழுதியோர் குறைவு.

காற்றாலையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2020 திசெம்பரில் இலங்கை மின்சார சபையின் தம்பபவனி நிலையம் திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். அதன்பின் இந்திய அதானி கம்பனி மன்னாரில் 250 மெகாவாட்டும் பூநகரியில் 234 மெகாவாட்டும் உற்பத்தி செய்வதற்குத் திட்டமிட்டது. மன்னாருக்கு மாத்திரம் 52 காற்றாலைகள். 2024 மே மாதத்தில் மந்திரி சபை அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்னும் விலையை அங்கீகரித்தது. சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. விலையை மீண்டும் பேசப்போவதாக அடுத்து வந்த அரசாங்கம் கூறவே, 2025 பெப்ரவரியில் அக்கம்பனி தானே விலகிக்கொண்டது. மன்னார் மக்கள் வென்றார்கள் என்று அன்று பலர் மகிழ்ந்தனர். நாம் மகிழவில்லை. அத்திட்டம் வீழ்ந்தது விலையாலன்றி நிலத்தைப் பற்றிய முடிவாலன்று. அதே ஆண்டு ஓகஸ்டிலே 20 மெகாவாட், 50 மெகாவாட் கொண்ட வேறு இரு திட்டங்களுக்கான பாரிய உபகரணங்கள் இரவோடிரவாகத் தீவுக்குள் கொண்டுவரப்பட்டன. மக்கள் தெருவில் அமர்ந்தனர். ஜனாதிபதி ஒரு மாத காலம் வேலையை நிறுத்திவைத்தார். செப்ரெம்பர் இறுதியில் பொலிசாரின் துணையுடன் வேலை மீண்டும் தொடங்கிற்று. இரவில் வழிமறித்து நின்ற மக்கள்மீதும் மதகுருமார்மீதும் பலம் பிரயோகிக்கப்பட்டது. மன்னார் ஹர்த்தால் அனுட்டித்தது.

நாம் காற்று மின்சாரத்துக்கு எதிரானவர்களல்லர். சோழகமும் வாடையும் மாறி மாறி வீசும் இக்கரை இலங்கையிலே காற்றுவளம் மிகுந்த கரை. எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் அந்நியச் செலாவணியை அள்ளி இறைக்கும் நாடு தன் காற்றைப் பயன்படுத்தல் வேண்டும். மன்னாரில் பிறக்கும் மின்சாரம் கொழும்புக்குப் போகிறது என்று குறைகூறுவோரோடும் நாம் சேரோம். லக்ஷபானவின் மின்சாரம் எமது வீடுகளுக்கும் வந்தது. நாம் கேட்பது ஒன்றுதான். இந்தச் சிறு தீவில், அதன் ஊர்கள், கிணறுகள், பனங்காணிகள், வாடிகள், பறவைகள் வந்திறங்கும் சதுப்புகள் ஆகியன போக, எத்தனை காற்றாலைகளுக்கு இடமுண்டு? எந்தக் கீற்றில்? ஊரிலிருந்து எத்தனை முழ தூரத்தில்? இதனை முதலில் வரைந்து, பின்னர் கம்பனிகளை அழைத்திருந்தால், இரவில் வாகனங்களைக் கொண்டுவரும் அவசியம் எந்த அரசாங்கத்துக்கும் நேர்ந்திராது.

மணலின் கதை இதனிலும் கொடியது. ஓர் அவுஸ்திரேலியக் கம்பனி பல ஆண்டுகளாகத் தீவில் துளையிட்டு இல்மனைட் முதலிய கனியங்களைத் தேடி வந்திருக்கிறது. கம்பனி தன் பங்காளருக்கு வெளியிட்ட கணக்கின்படி முப்பது கோடி தொன்னுக்கு மேற்பட்ட மணற்படிவம் உண்டு. அதில் பாரக் கனியம் நூற்றுக்கு நாலளவு. சாதாரண மொழியில் சொல்வதானால், நூறு வண்டி மணலை வாரிக் கழுவினால் நாலு வண்டி கனியம் கப்பலேறும்; தொண்ணூற்றாறு வண்டி மணல் திரும்பவும் கொட்டப்படும். திரும்பக் கொட்டிய மணலில் அந்த நன்னீர்த் தட்டு முன்போல் மிதந்து நிற்குமென்று எமக்கு உறுதி தரக்கூடியவர் யார்? நிலத்தை அளக்க வந்த உத்தியோகத்தரை மக்கள் வழிமறித்துத் திருப்பியனுப்பியது இதனால்தான். உலகத்து வெள்ளைப் பெயின்றுக்கு வேண்டிய பொருள் இது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எமக்குப் புல்மோட்டை என்றொரு பாடம் இருக்கிறது. 1957 இல் அரசாங்கம் கனியமணல் கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கனியம் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கடல் கடக்கிறது. கேரளத்தின் கொல்லம் கரையிலே ஆலப்பாடு என்னும் மீனவர் ஊரும் இத்தகைய மணலுக்காகவே பல்லாண்டுகள் தோண்டப்பட்டது. கடலுக்கும் காயலுக்கும் இடையே ஊர் ஒடுங்கிப் போய்விட்டதென்று கூறி அவ்வூர் மக்கள் 2018 இல் தொடங்கிய போராட்டத்தை நம் பத்திரிகைகள் போதிய அளவு கவனிக்கவில்லை.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று எம்மைக் கேட்போர் உளர். சட்டங்களுக்குக் குறைவில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், 1988 இல் திருத்தப்பட்ட பின்னர், பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. பொதுமக்கள் கருத்துச் சொல்ல முப்பது நாள். ஆனால் அம்மதிப்பீடு விண்ணப்பித்த ஒரு திட்டத்தை மாத்திரம் பார்க்கும். முதலாவது திட்டத்தால் கேடு சிறிது என்று எழுதுவர். இரண்டாவதால் கேடு சிறிது என்று எழுதுவர். பத்தாவதற்கும் அவ்வாறே எழுதுவர். பத்துச் சிறு கேடுகளைக் கூட்டிப் பார்ப்பது எவருடைய கடமையுமன்று. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டமோ, கடல்நீர் ஏறும் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 300 மீற்றரை மாத்திரம் கரையோர வலயமாகக் கொள்கிறது. செங்குத்தான கரைக்கு அது போதும். உப்புநீரும் நன்னீரும் கட்டைக் கணக்கில் கலந்து விளையாடும் மன்னார்க் கரையில் 300 மீற்றர் எந்த மூலைக்கு?

இவையிரண்டுக்கும் முற்பட்டதொரு சட்டம் உண்டு. அதைப் பற்றிப் பேசுவார் அருமை. 1946 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டமே அது. நாடு சுதந்திரம் பெறுமுன்னரே, நிலம் முழுவதையும் ஒருசேரப் பார்த்து எது வயல், எது ஊர், எது திறந்தவெளி, எது தொழிற்சாலை என்று வகுக்கும் எண்ணம் இந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்று விட்டது. பின்னர் 2000 இல் அது திருத்தப்பட்டுத் தேசியத் திட்டத்துக்கும் பிராந்தியத் திட்டங்களுக்கும் வழி செய்யப்பட்டது. அச்சட்டம் பிறந்த காலத்தில் செய்யப்பட்ட வேலை ஒன்றை எடுத்துக் காட்டுவோம். அநுராதபுரத்தின் பழைய சின்னங்களுக்கு நடுவே கடைகளும் கந்தோர்களும் பெருகிவிட்டன என்று கண்டபோது, கிளிபர்ட் ஹொலிடே என்னும் ஆங்கிலத் திட்ட வல்லுநரைக் கொண்டு திட்டம் வகுத்தனர். பழைய நகரிலிருந்த நகரமே பெயர்க்கப்பட்டு மல்வத்து ஓயாவின் மறுகரையில் புதுநகர் எழுந்தது. (பெயர்க்கப்பட்டோரின் மனக்குறை வேறு கதை.) ஒரு புராதன நகரின் தோற்றத்தைக் காக்க வேண்டுமென்று அரசாங்கம் உளமார விரும்பினால் ஒரு பட்டினத்தையே நகர்த்தும் என்பதற்கு இது சான்று. அந்த மல்வத்து ஓயாவே கீழே இறங்கி அருவியாறு என்னும் பெயருடன் எமது மாதோட்டத்துக்கு வருகிறது. ஆற்றின் மேற்பகுதியில் செல்லுபடியான சட்டம் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏன் உறங்குகிறது?

கோயில் வளவைச் சுற்றி ஒரு கோடு கீறி அதனைப் புனிதப் பிரதேசமென்று பெயரிட்டால் போதும் என்போர் எம்முள்ளும் இருக்கின்றனர். அவர்களுடைய பக்தியை மதிக்கிறோம், யோசனையை ஏற்கமாட்டோம். போர்த்துக்கேயர் இடித்த திருக்கோயிலைப் புதுப்பிக்க ஆறுமுக நாவலர் 1872 இல் விடுத்த அழைப்பு முதல், 1948 இல் தோன்றிய திருப்பணிச் சபையின் உழைப்பு, போர்க்காலச் சிதைவு, 2022 யூலையில் கருங்கற் கோயிலுக்கு நடந்த குடமுழுக்கு வரையில், நூற்றைம்பது ஆண்டுகள் இச்சமூகம் அதற்காகப் பாடுபட்டிருக்கிறது. ஆயினும் பாலாவிக்கு வரும் நீர் கெட்டு, சூழவுள்ள வயல் உப்பாகி, கடலேரி தூர்ந்து போகுமானால், அக்கருங்கற் சுவர்களுக்குள் மாத்திரம் திருக்கேதீஸ்வரம் எஞ்சியிருக்குமா? தலமென்பது கோபுரம் மாத்திரமன்று; தீர்த்தமும் அதனோடு சேர்ந்ததே.

போர் முடிந்தபின்னர் நல்லதொரு தொடக்கமும் செய்யப்பட்டது என்பதை நேர்மையோடு சொல்லவேண்டும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் உதவியோடு வடமாகாணம் முழுவதற்கும் ஒருங்கிணைந்த உபாயச் சுற்றாடல் மதிப்பீட்டைத் தயாரித்து 2014 இல் வெளியிட்டன. காடு, நீர், வயல், தொல்பொருள், வெள்ளம் என்று பல திணைக்களங்களின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எங்கே அபிவிருத்திக்கு இடமுண்டு, எங்கே கைவைக்கலாகாது என்று பார்த்த முயற்சி அது. அதைச் செய்த உத்தியோகத்தர்களுக்கு எமது பாராட்டு. ஆனால் அது ஆலோசனை நூல். அதை மீறுவோரை நீதிமன்றத்தில் நிறுத்த அதனால் இயலாது. அலுமாரியில் வைக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் நடந்தவை அந்நூல் எழுதப்படாதது போலவே நடந்தன. 2016 இல் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம் செய்யப்பட்டது; 2024 இல் அதில் ஒரு பகுதியை நீர்வாழுயிர்ப் பண்ணைக்கென விடுவித்து இன்னொரு வர்த்தமானி வந்தது; உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க நேர்ந்தது. புத்தளம், சிலாபம் கரையில் நோய் வந்து கைவிடப்பட்ட இறால் குட்டைகள் உப்பேறிக் கிடப்பதைப் பேரூந்திலிருந்தபடியே பார்க்கலாம். அவற்றைப் பார்த்த பின்னரும் இப்படியொரு வர்த்தமானி எழுதுவதற்கு மனம் வந்திருக்கிறதே!

இவ்விடத்தில் எமது கமக்காரர் ஒரு கேள்வியைக் கேட்பர் என்பது எமக்குத் தெரியும். "திட்டம் திட்டம் என்கிறீர்கள். அரசாங்கம் நிலத்துக்குக் கோடு கீறினால் அக்கோடு எங்கள் காணிக்குள்ளேதானே வந்து விழுகிறது?" இந்த அச்சத்தைப் பட்டணத்து அறிஞர் ஏளனம் செய்யக்கூடாது. அது அனுபவத்தில் விளைந்த அச்சம். 1990 இல் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தம் ஊர்களுக்குத் திரும்பியபோது மறிச்சுக்கட்டிப் பகுதியில் அவர்களது நிலம் காடென்று சொல்லப்பட்டது. 2017 இல் மாவில்லு பேணற்காடு என்னும் பிரகடனமும் வந்து சேர்ந்தது. 2025 மார்ச்சில் வடமாகாணத்தில் 5,941 ஏக்கர் நிலத்துக்கு மூன்று மாதத்துள் உரிமை காட்டாவிடில் அது அரச நிலமாகும் என்று ஒரு வர்த்தமானி வந்தது. உறுதிகள் எரிந்தும், உரிமையாளர் கடல் கடந்தும் போன நாட்டில் மூன்று மாதம்! உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது கைவிடப்பட்டது. ஆகவே பாதுகாப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் கமக்காரர் தம் வேலியைப் பார்ப்பது நியாயமே.

இதற்கு விடை, திட்டமே வேண்டாம் என்பதன்று. திட்டத்தை வகுப்பவர் யார் என்பதே. 1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தம் காணியை மாகாண நிரலில் வைத்தது. நிலப்பயன்பாட்டுக் கொள்கையை வகுக்கத் தேசிய காணி ஆணைக்குழு ஒன்றை அமைக்கவேண்டுமென்றும் கூறிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்த ஆணைக்குழு பிறக்கவில்லை. 2013 செப்ரெம்பரில் உச்ச நீதிமன்றம் சோலைமுத்து ராசு வழக்கிலே அரச காணிமீதான அதிகாரம் மத்திய அரசாங்கத்துக்கே உரியதெனத் தீர்த்தது. அதே மாதத்தில் தெரிவான வடமாகாண சபை 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்து கலைந்தது. மறு தேர்தல் நடத்தப்படவில்லை. எஞ்சியிருப்பவை 2025 மே மாதத்தில் தெரிவான உள்ளூர்ச் சபைகள். எமது கரையை வகுக்கும் அதிகாரம் எமது கையில் இல்லை என்பது உண்மை. ஆயினும் அதிகாரம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று கைகட்டியிருப்போமானால், அதிகாரம் வரும் நாளில் வகுப்பதற்கு நிலம் இராது.

நீதிமன்றம் எப்போதும் எமக்கு எதிராகவே பேசிற்று என்றும் கூறமுடியாது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே பொசுபேற்று அகழ்வதற்கு ஓர் அமெரிக்கக் கம்பனியோடு அரசாங்கம் உடன்படிக்கை செய்ய முற்பட்டபோது, அவ்வூர்ச் சிங்களக் கமக்காரர் சிலரும் ஒரு விகாரையின் தேரரும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2000 ஆம் ஆண்டில் நீதியரசர் அமரசிங்க அளித்த தீர்ப்பு எமது சட்ட மாணவர் அனைவரும் படிக்கவேண்டியது. நாட்டின் வளத்துக்கு அரசாங்கம் முதலாளியன்று, மக்களுக்காக அதனைப் பொறுப்பேற்றிருக்கும் தருமகர்த்தா என்பதே அதன் சாரம். கோயிற் சொத்தைத் தருமகர்த்தா விற்றுத் தின்றால் நாம் என்ன செய்வோம்? அந்தத் தீர்ப்பு சிங்களவருக்கு மாத்திரம் எழுதப்பட்டதன்று. அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை சுற்றாடலைக் காப்பது அரசின் கடமை என்கிறது. 28 ஆம் உறுப்புரை இயற்கையைக் காப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது.

பிற நாடுகள் இதனைச் செய்யாமலில்லை. கலிபோர்னிய மக்கள் 1972 இல் தாமே வாக்களித்துக் கரையோர ஆணைக்குழுவை உண்டாக்கினர். அதன் அனுமதியின்றிக் கரையில் பெரிய கட்டடம் எழாது. பிரான்ஸ் 1986 இல் கரையோரச் சட்டத்தை இயற்றி, ஊருக்குப் புறம்பான கரையில் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் புதுக் கட்டடத்தைத் தடுத்தது. உள்ளூர்ச் சபைகளின் நிலத்திட்டங்கள் அச்சட்டத்துக்கு அமைய வேண்டுமென்றும் விதித்தது. அவை செல்வ நாடுகள், எமக்கு இயலாது என்பார் இருக்கலாம். 1964 திசெம்பரில் தனுஷ்கோடியை அழித்து எமது கரையையும் தாக்கிய புயலையும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு அருவியாறு பெருகி மாதோட்டத்தை மூடிய வெள்ளத்தையும் கண்டவர்கள், திட்டமின்மையே செலவு மிகுந்தது என்பதை உணர்வர்.

இவ்வளவும் பிறரைக் குறைகூறியதாயிற்று. எமது வீட்டுக்குள்ளும் சற்றுப் பார்ப்போம். எமது தொழிலிலே ஒவ்வொரு மாதமும் தீவின் காணி உறுதிகள் சில மேசைக்கு வருகின்றன. அண்மையில் ஒரு முதியவர் வந்தார். பரம்பரையாக வந்த பனங்காணி. பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். ஊர் விலையிலும் மும்மடங்கு தருவதாக ஒரு தரகர் சொல்லியிருக்கிறார். வாங்குபவர் யாரென்று சொல்லவில்லை. பிள்ளைகள் அற்றோணித் தத்துவம் அனுப்பிவிட்டார்கள். "தம்பி, நான் கையெழுத்து வைக்காட்டி அவங்கள் என்னோடை கதைக்காங்கள்" என்றார். அவருக்கு நாம் என்ன சட்டம் சொல்வது? லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு மன்னார் மண்ணைக் காக்கவேண்டுமென்று கூட்டத்தில் பேசுகிறவர்களில், தம் பங்குக் காணியை யாருக்கு விற்றோம் என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? அப்பால், வாய்க்காலை நிரவிக் கடை கட்டியவனும், இரவில் ஆற்றுமணல் ஏற்றியவனும் கொழும்பிலிருந்து வந்தவனல்லன்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முந்திய நாள், திருக்கேதீஸ்வர வீதியில் ஒரு வளைவின் பேரால் சைவரும் கத்தோலிக்கரும் மனம் கசந்தனர். நெற்காணியின் வரப்பும் கரைவலையின் பாடும் பள்ளிவாசலின் கிணறும் ஒரே நீரை நம்பியிருக்கும் மாவட்டத்தில், வளைவுக்காகப் பிரிந்து நிற்போமானால், மணலுக்காக ஒன்றுகூட எமக்கு முகமிராது. 2025 இல் மன்னார் வீதியில் அருட்தந்தையரும் சைவக் குருமாரும் மௌலவிமாரும் அருகருகே நின்றனர். அந்த நெருக்கம் தேர்தல் வரும்போது கலையாதிருக்கவேண்டும்.

இப்பொழுது செய்யக்கூடியது என்ன? மன்னார் மாவட்டத்து உள்ளூர்ச் சபைகள் அனைத்தும் ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம்: தலைமன்னார் முதல் அரிப்பு வரையும், பாலத்துக்கு இப்பால் மாந்தை, விடத்தல்தீவு வரையும் உள்ள கரைக்கு, 1946 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பிராந்தியத் திட்டம் ஒன்று வகுக்கப்படல் வேண்டும், அது முடியும்வரை புதிய அகழ்வுக்கோ காற்றாலைக்கோ பண்ணைக்கோ அனுமதி வழங்கலாகாது, திட்டக் குழுவில் கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் சமமாக அமரவேண்டும், தனியார் காணி ஒன்று திட்டத்தால் பயன் குறையுமாயின் அதற்கு நட்டஈடு திட்டத்திலேயே எழுதப்படவேண்டும். கடைசி நிபந்தனை இல்லாத எந்தத் திட்டத்தையும் நாம் ஆதரிக்கமாட்டோம். சபைகளின் தீர்மானம் மந்திரியைக் கட்டுப்படுத்தாது என்பது எமக்குத் தெரியும். ஆனால் நாளை எப்பாவலை போன்றதொரு வழக்கை நாம் தொடுக்கும்போது, மக்கள் முன்னரே கேட்டார்கள், அரசாங்கம் மறுத்தது என்பதற்கு அதுவே முதற் சான்றாகும்.

திட்டத்துக்கு வேண்டிய தகவலை அரசாங்கம் வந்து திரட்டும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நில அளவையாளர், பொறியியலாளர், ஆசிரியர், வைத்தியர் என்று எமது மாவட்டத்தவர் ஏராளம். ஒவ்வோர் ஊரிலும் கிணறுகளின் நீர்மட்டத்தை மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து, உப்பேறிய கிணறு எது, ஏறாத கிணறு எது என்று குறித்து வைக்கலாம். மழைநீர் எவ்வழி வந்தது, எவ்வழி போயிற்று என்பதைக் கடந்த வெள்ளத்தில் வீட்டுச் சுவரில் பதிந்த கறை இன்னும் சொல்லும். மேய்ச்சல் தரவையின் எல்லை, கரைவலைப் பாட்டின் எல்லை, பழைய குளத்தின் கட்டு ஆகியவற்றை முதியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கூட்டிச்சென்று வரைந்துகொள்ளலாம். உத்தியோகத்தரின் வரைபடத்துக்கு எதிரே ஊரின் வரைபடத்தை வைக்கும் நாளில் பேச்சு வேறு விதமாக நடக்கும்.

காணியை விற்கும்படி கடிதமோ தரகரோ வந்திருக்கும் அன்பர்கள் கையொப்பமிடுமுன்னர் உறுதிப் பிரதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு மன்னாரிலுள்ள நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். எம்மிடம் வருவோர் கூலி தரவேண்டியதில்லை. அற்றோணித் தத்துவம் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் அதனையும் கொண்டு வாருங்கள். அதில் எழுதியிருப்பதை முதலில் தமிழில் வாசித்துச் சொல்கிறோம்.